அத்தை வாங்கிய பிறந்த வீடு

பிறந்த வீட்டுச் சீர் என்றால் என்ன என்று நமது வாசகிகளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. தீபாவளிக்கு ஒரு புடவை, பொங்கலுக்கு ஒரு பானை, குழந்தை பிறந்தால் ஓர் அரைஞாண். இவற்றை வாங்கிக் கொண்டு, "எங்கள் வீட்டில் செய்தது" என்று வாய் நிறையச் சொல்லிப் பூரிக்கிற பெண்கள் எத்தனையோ பேர். ஆனால், பிறந்த வீட்டையே விலை கொடுத்து வாங்கிய பெண்ணை நீங்கள் பார்த்ததுண்டா? நான் பார்த்திருக்கிறேன். அவர் என் அத்தை. வாங்கியதோடு நிற்கவில்லை. 67-வது வயதில் சென்னையை விட்டுப் பெட்டி படுக்கையுடன் அந்த வீட்டிலேயே குடியேறியும் விட்டார்!

வீடு இருப்பது காஞ்சிபுரத்தில், பிள்ளையார்பாளையத்தில். கோயிலுக்கும் புடவைக்கும் காஞ்சிக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் இந்தப் பக்கம் தலை காட்டுவதில்லை. ஏகாம்பரநாதரையும் காமாட்சியையும் வரதரையும் சேவித்து, கடைத்தெருவில் பட்டுக் கடை ஏறி இறங்குவதற்குள் பொழுது சாய்ந்து விடும். ஆனால் அந்தப் பட்டு பிறக்கிற இடம் இந்த மாதிரி நெசவாளர் தெருக்கள்தான். விடியற்காலையில் போனால் ஒரு வேடிக்கை பார்க்கலாம். தெருவின் நீளத்துக்குச் சாயமேற்றிய பட்டுப் பாவை இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, இழை இழையாகப் பிரித்து விட்டுக் கொண்டிருப்பார்கள். சைக்கிளில் வருகிறவர் இறங்கித் தள்ளிக் கொண்டு போவார். காஞ்சிக்கும் கஞ்சிக்கும் உள்ள சம்பந்தம் இதுதான் என்று எங்கள் தாத்தா சொல்லிச் சிரிப்பாராம்.

பழைய வீட்டில் குடியேறுவது என்றால் நம்மில் பலருக்கு இரண்டே எண்ணங்கள்தான் தோன்றுகின்றன. ஒன்று, "ஐயோ! அந்த இருட்டு வீட்டிலா?" மற்றொன்று, "ஆகா! முற்றம், திண்ணை, ஊஞ்சல்!" அத்தையுடன் ஒன்றரை வருஷம் கொத்தனாருக்கும் தச்சருக்கும் பின்னால் அலைந்த பிறகு, இந்த இரண்டுமே தவறு என்று எனக்குத் தோன்றுகிறது. எப்படி என்று சொல்கிறேன்.

அத்தி வரதர் கூட்டிய குடும்பம்

காஞ்சி வரதராஜர் கோயிலின் அனந்தசரஸ் குளத்தில் அத்தி மரத்தால் ஆன பெருமாள் பள்ளி கொண்டிருக்கிறார். 40 ஆண்டுகளுக்கு ஒரு முறை வெளியே எழுந்தருளித் தரிசனம் தருவார். 1979-ல் வந்தவர் 2019-ல் மீண்டும் வந்தார். ஜூலை 1-ந் தேதியிலிருந்து ஆகஸ்ட் 17 வரை, 48 நாள். அந்த 48 நாளும் காஞ்சியில் ஓர் அறை கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்தது. அப்போதுதான் எங்கள் உறவினர்கள் எல்லோருக்கும், 'நமக்குத்தான் அங்கே ஒரு வீடு இருக்கிறதே!' என்பது திடீரென்று நினைவுக்கு வந்தது.

வீடு மூன்று வருஷமாகப் பூட்டிக் கிடந்தது. தாத்தா 1986-ல் காலமானார். அவரோடு தறியும் போயிற்று. பிறகு வாடகைக்கு விட்டார்கள். கடைசியாக இருந்தவர்களும் காலி செய்து போனபின் திரும்பிப் பார்ப்பாரில்லை. பூட்டைத் திறந்ததும் வௌவால் நாற்றமும் ஈர வாடையும் முகத்தில் அடித்தன. கூடத்துச் சுவர் இடுப்பளவுக்கு உப்புப் பூத்துக் கிடந்தது. பின்கட்டில் நாட்டு ஓடுகள் சரிந்து வானம் தெரிந்தது. பெருமாளைச் சேவித்துவிட்டு வந்த இரவு, திண்ணையில் வரிசையாகப் படுத்துக் கொண்டு எல்லோரும் வீட்டைப் பற்றித்தான் பேசினார்கள்.

"இடிச்சிட்டு மூணு மாடி கட்ட ஆள் ரெடியா இருக்கான். ஆளுக்கொரு போர்ஷன் வரும்" என்றார் பெரிய சித்தப்பா.

"போர்ஷன் எதுக்கு? வித்துட்டுப் பணத்தைப் பிரிச்சுக்கலாம்" என்றார் சின்னச் சித்தப்பா.

அது வரையில் விசிறிக் கொண்டிருந்த அத்தை விசிறியைக் கீழே வைத்தார். "உங்க பங்குக்கு என்ன விலையோ அதை நான் தர்றேன். வீட்டை எனக்கு விட்டுடுங்க" என்றார்.

ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை. அத்தை பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். மாமா போய்ப் பல வருஷமாகிறது. பிள்ளை வெளியூரில் இருக்கிறான். சென்னையில் நான்காம் மாடியில் ஒரு சிறு ஃபிளாட்டில், கதவைச் சாத்திக்கொண்டு தனியாக இருந்து வந்தார்.

"இந்த வயசிலே இங்கே வந்து என்னக்கா செய்யப் போறே?"

"அங்கே என்ன செய்யறேனோ அதைத்தான். இங்கேன்னா தெருவிலே நாலு பேர் முகத்தைப் பார்த்துக்கிட்டுச் செய்வேன்."

சட்டம் கதவைத் திறந்த கதை

இந்த இடத்தில் வாசகிகள் கொஞ்சம் கவனிக்க வேண்டும். வீட்டைப் பழுது பார்ப்பதற்கு முன்னால், வீடு யாருடையது என்கிற கேள்வியைப் பழுது பார்த்தாக வேண்டும். சுவரில் உள்ள விரிசலைவிடப் பத்திரத்தில் உள்ள விரிசல் பொல்லாதது!

தாத்தா உயில் எழுதவில்லை. வீடு அவர் தம் கையால் சம்பாதித்துக் கட்டியது. 1956-ம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, அப்படிப்பட்ட சொத்தில் பெண்ணுக்கும் பிள்ளைக்கும் சம பங்கு உண்டு. ஆனால் அதே சட்டத்தின் 23-வது பிரிவு ஒரு முட்டுக்கட்டை போட்டிருந்தது. குடும்பத்தார் குடியிருக்கும் வீட்டைப் பிரித்துத் தரும்படி பெண் வாரிசு கேட்க முடியாது. ஆண் வாரிசுகள் எப்போது பிரித்துக் கொள்ள முடிவு செய்கிறார்களோ அது வரையில் காத்திருக்க வேண்டும். அங்கே தங்குவதற்குக் கூட, மணமாகாதவளாகவோ, கணவனால் கைவிடப்பட்டவளாகவோ, பிரிந்தவளாகவோ, விதவையாகவோ இருந்தால்தான் மகளுக்கு உரிமை! அதாவது, பங்கு உண்டு. ஆனால் வாசற்படி தாண்டக் கூடாது.

1989-ல் தமிழ்நாடு ஒரு திருத்தம் கொண்டு வந்து, பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பெண்களுக்கும் பிறப்பால் உரிமை என்று ஆக்கியது. ஆனால் அந்த ஆண்டு மார்ச் 25-க்கு முன்னே மணமானவர்களுக்கு அது இல்லை. 2005 செப்டம்பர் 9-ல் அமலுக்கு வந்த மத்திய அரசின் திருத்தம், நாடு முழுவதற்கும் அந்த உரிமையைக் கொடுத்ததோடு, மேலே சொன்ன 23-வது பிரிவையும் எடுத்தே விட்டது. அந்த உரிமை பிறப்பிலேயே வருவது, 2005-ல் தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற அவசியமில்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் தெளிவாக்கியது.

சித்தப்பாமார் கெட்டவர்கள் அல்ல. சகோதரி பங்கு கேட்டால் உறவு முறிந்துவிடும் என்று வளர்க்கப்பட்டவர்கள். உறவு முறியவில்லை. மதிப்பீடு பார்த்து, வாரிசுச் சான்றும் வில்லங்கச் சான்றும் எடுத்து, பங்கு விடுதலைப் பத்திரம் பதிவு செய்து, பட்டாவும் வரி ரசீதும் அத்தையின் பெயருக்கு மாறுகிற வரைக்கும் ஒரு செங்கல்லைக் கூடத் தொடவில்லை. ஓய்வுப் பணத்தில் பெரும்பகுதி இதற்கே சரியாகிவிட்டது.

வீடும் ஒரு கருவிதான்

பத்திரம் கைக்கு வந்ததும் அத்தை முதலில் செய்த வேலை என்ன தெரியுமா? ஒன்றுமே செய்யவில்லை! ஒரு வாரம் அந்த வீட்டில் சும்மா இருந்தார். எந்த நேரத்தில் எங்கே வெயில் விழுகிறது, எந்தக் கதவைத் திறந்தால் எங்கிருந்து காற்று வருகிறது, மழை பெய்தால் தண்ணீர் எந்த வழியாக ஓடுகிறது என்று ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதி வைத்தார். பழைய வீட்டைத் திருத்த நினைக்கும் ஒவ்வொருவரும் செய்ய வேண்டிய காரியம் இது. காலணாச் செலவில்லை.

எழுதிப் பார்த்த பிறகுதான், அந்த வீடே தறிக்காகக் கட்டப்பட்டது என்பது எனக்குப் புரிந்தது. வாசலில் திண்ணை. உள்ளே நுழைந்ததும் ஒரு நடை. அதைத் தாண்டினால் நீளமான கூடம். அதுதான் வீட்டின் பெரும்பகுதி. காரணம், அங்கேதான் தறி. கூடத்தின் தரையில் ஒரு குழி. நெய்கிறவர் குழியின் விளிம்பில் உட்கார்ந்து, கால்களைக் குழிக்குள் விட்டு, மிதியை மிதிப்பார். தரையோடு தரையாகத் தறி இருப்பதால் மண்ணின் ஈரப்பதம் பாவுக்குக் கிடைத்து இழை எளிதில் அறாது. கூடத்தையொட்டி ஒரு சிறு முற்றம். அங்கிருந்து வெளிச்சம் பக்கவாட்டில் வந்து தறிமேல் விழும். வெயில் நேராகப் பட்டால் சாயம் மங்கிவிடுமே! தெரு நேராக நீண்டிருப்பதும் பாவு போடுவதற்காக. ஆக, வீடு, முற்றம், தெரு மூன்றும் சேர்ந்து ஒரே கருவி.

அப்படியானால் மனிதர்கள்? மனிதர்கள் மீதி இடத்தில் இருந்தார்கள். புகை போக வழியில்லாத ஒரு சமையலறை. அதன் பக்கத்தில் பாட்டி உட்கார்ந்து ராட்டையில் தார் சுற்றுகிற மூலை. கொல்லையில் கிணறு. அதற்கும் அப்பால், வேலி ஓரத்தில், இருட்டில் விளக்கெடுத்துக் கொண்டு போக வேண்டிய இடம். பழைய வீட்டின் அழகைப் பற்றி உருகி எழுதுகிற என்னைப் போன்றவர்கள் சமையலறையையும் கொல்லையையும் பற்றி எழுதுவதே இல்லை என்று அத்தை சொன்னார். நியாயமான குற்றச்சாட்டுத்தான்.

காஞ்சியில் பட்டுத்தறி வீடு எப்படி இருக்கும் என்று பார்க்க விரும்புகிறவர்கள் சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 1996-ல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவுக்குப் போகலாம். செட்டிநாட்டு வீடு முதலியவற்றோடு நெசவாளர் வீடும் அங்கே உண்டு. நெசவாளர் குடும்பத்தில் 1909-ல் பிறந்து, தமிழ்நாட்டின் முதலமைச்சரான அண்ணா வாழ்ந்த வீடும் காஞ்சியிலேயே நினைவு இல்லமாக இருக்கிறது. ஆனால், அவை பார்ப்பதற்கான வீடுகள். மாலையானால் பூட்டி விடுவார்கள். அத்தையின் வீட்டிலோ இரவு பத்து மணிக்குப் பால் காய்ச்ச வேண்டும். நடுநிசியில் முழங்கால் வலியோடு எழுந்து நடக்க வேண்டும்!

சிமென்ட் செய்த உபகாரம்

முதல் வேலை, உப்புப் பூத்த சுவர். முன்பு வாடகைக்கு இருந்தவர் யாரோ, ஈரத்தைத் தடுப்பதாக நினைத்து, சுவரின் அடிப்பாகத்தில் சிமென்ட் பூசி, அதன்மேல் ஆயில் பெயிண்டும் அடித்திருந்தார். நல்ல எண்ணம்தான். ஆனால் விளைவு நேர்மாறு.

காரணம் இது. பழைய வீடுகளின் அஸ்திவாரத்தில் ஈரத்தடுப்பு கிடையாது. தரையிலுள்ள ஈரம் செங்கல் வழியாக, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல, மேலே ஏறும். சுண்ணாம்புக் காரை பூசிய சுவர் மூச்சு விடும் சுவர். ஏறிய ஈரம் காரை வழியே வெளியேறிக் காய்ந்து விடும். சிமென்டோ நீர் எளிதில் புகாத இறுகிய பொருள். வழி அடைபட்டதால் ஈரம் இன்னும் மேலே ஏறி, சிமென்ட் முடிகிற இடத்தில் உப்பாகப் பூத்து, செங்கல்லையே அரிக்கத் தொடங்கியது.

அதே சிமென்டை இன்னும் இரண்டடி உயரத்துக்குப் பூசிவிடலாம் என்றார் முதலில் வந்த கொத்தனார். அத்தை அவருக்கு மோர் கொடுத்து அனுப்பி வைத்தார். பிறகு, கோயில் வேலை செய்து பழகிய ஒரு வயதான மேஸ்திரி கிடைத்தார். அவர் சிமென்டைக் கொத்தியெடுத்து, சுவரை ஒரு கோடை முழுவதும் காய விட வேண்டும் என்றார். சுண்ணாம்பை முன்கூட்டியே நீற்றி ஊற வைத்தார். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரை மணலும் சுண்ணாம்பும் சேர்ந்த காரையில் கலந்து அரைத்தார்.

சுண்ணாம்பின் கதையே ஓர் அதிசயம். சுண்ணாம்புக் கல்லைச் சூளையில் சுட்டால் அதிலுள்ள கரியமில வாயு போய்விடுகிறது. நீர் விட்டால் நீறுகிறது. சுவரில் பூசியபின், போன கரியமில வாயுவைக் காற்றிலிருந்து மெல்ல மெல்லத் திரும்ப வாங்கிக்கொண்டு, மறுபடியும் கல்லாகிறது. மாதக் கணக்கில் நடக்கிற வேலை இது. அவசரக்காரருக்கு ஆகாது.

அவசரப்பட எங்களுக்கும் வழியில்லாமல் போயிற்று. முதல் பூச்சு முடிந்த சமயம் 2020 மார்ச் மாதம். கொரோனாவுக்காக நாடே அடைக்கப்பட்டது. அத்தை சென்னையில், மேஸ்திரி தம் ஊரில், வீடு காஞ்சியில்! பக்கத்து வீட்டு அம்மாள் கொல்லைக் கதவு வழியாக வந்து சுவருக்கு நாள்தோறும் தண்ணீர் தெளித்தார். ஊரே வேலையில்லாமல் முடங்கிக் கிடந்தபோது சுண்ணாம்பு மட்டும் தன் வேலையைப் பார்த்துக் கொண்டிருந்தது.

கூரையிலும் இப்படித்தான். முன்கட்டு மெட்ராஸ் ஒட்டு. தேக்கு விட்டங்களின் மேல் செங்கல்லைச் செங்குத்தாகக் கோணவாட்டில் அடுக்கி, மேலே சுண்ணாம்பில் கலந்த செங்கல் ஜல்லியைத் தட்டிக் கெட்டித்துத் தட்டோடு பாவிய தளம். தச்சர் ஒவ்வொரு விட்டத்தையும் சுத்தியால் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். 'கிண்' என்றால் கட்டை நலம். 'தொப்' என்றால் கரையான். சுவருக்குள் போகும் முனைகளில்தான் பெரும்பாலும் கேடு. கெட்ட முனையை மட்டும் அறுத்து, பழைய தேக்கிலேயே ஒட்டுப் போட்டார். முழு விட்டத்தையும் மாற்றியிருந்தால் செலவு பல மடங்காகியிருக்கும்.

சுவரில் அகப்பட்ட வாய்ப்பாடு

பிள்ளையார்பாளையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் கைலாசநாதர் கோயில் இருக்கிறது. 1300 ஆண்டுகளுக்கு முன் ராஜசிம்ம பல்லவன் கட்டியது. அதன் சுற்றுச் சிற்றாலயங்களில் பிற்காலத்துப் பூச்சுக்கு அடியில் பல்லவர் காலத்து வண்ண ஓவியங்கள் மறைந்து கிடந்ததை, 1931-ல் ழூவோ துப்ரேய் என்ற பிரெஞ்சு அறிஞர் கண்டார். மேஸ்திரிக்கு அந்தக் கோயில் மனப்பாடம். "வெள்ளையைச் சுரண்டும்போது கை பதறக் கூடாதும்மா. அடியிலே என்ன இருக்கோ யார் கண்டாங்க?" என்பார்.

எங்கள் வீட்டில் பல்லவ ஓவியம் இல்லை. ஆனால் கூடத்துச் சுவரில், தறிக்குழிக்குப் பக்கத்தில், தரையிலிருந்து இரண்டடி உயரத்தில், பல அடுக்கு வெள்ளைக்கு அடியில் ஆணியால் கீறிய எண்கள் தெரிந்தன. ஏழாம் வாய்ப்பாடு! அதில் ஏழெட்டு 54 என்று இருந்தது.

அத்தை மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். "தப்பு. 56" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நான் எழுதினதுதான்" என்றார்.

தறிக்குழியைப் பற்றி எனக்கு ஒரு பெரிய திட்டம் இருந்தது. அதை அப்படியே விட்டு, மேலே கெட்டிக் கண்ணாடி போட்டு, உள்ளே ஒரு விளக்கும் வைத்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்! வருகிறவர்கள் எல்லோரும் பார்த்து வியப்பார்களே! அதை அன்றைக்குச் சொன்னேன்.

"கண்ணாடி போட்டு யார் காலைப் பார்க்கப் போறே?" என்றார் அத்தை.

அப்புறம் சொன்னார். காஞ்சிப் பட்டின் பெருமை கோர்வையில் இருக்கிறது. உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். இரண்டையும் தனித்தனி ஊடையால் நெய்துகொண்டே ஒன்றோடு ஒன்று பூட்டுவார்கள். அதற்காகத் தனி நாடாக்கள் உண்டு. ஒருவரால் ஆகாது. நெய்கிறவர் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து ஒரு பக்கத்துக் கரை நாடாவைத் தள்ளித் தர வேண்டும். 'பட்டுப் பிரியாது, கரை கிழியாது' என்று நாம் பெருமையாகச் சொல்கிறோமே, அந்த இரண்டாவது ஜோடிக் கை பல வீடுகளில் ஒரு குழந்தையின் கையாக இருந்தது.

"1961-லே எனக்கு எட்டு வயசு. காலையிலே அஞ்சு மணிக்கு உட்காருவேன். எட்டு மணிக்குப் பள்ளிக்கூடம். சாயந்திரம் வந்தா விளக்கு வைக்கிற வரைக்கும் மறுபடியும். அப்பா முடிச்சுப் போடற நேரத்திலேதான் வாய்ப்பாடு படிப்பேன். பள்ளிக்கூடத்தை விடாம போனதுக்குக் காரணம் படிப்புன்னு நினைக்காதே. காமராஜர் போட்ட மத்தியானச் சோறு! அந்த ஒரு வேளை வீட்டுக்கு மிச்சம்னு அம்மா அனுப்பினாங்க. தம்பிங்க வளர்றதுக்குள்ளே கூலிக்கு ஆள் வைக்கிற வசதி வந்துட்டுது. அவங்க உட்காரலை. அது அவங்க குத்தமில்லை."

"அப்பாமேலே கோபமா அத்தை?"

"கோபம் என்ன? அவர் கால் காலமெல்லாம் அந்தக் குழியிலேதான் இருந்தது. ஆனா, நான் படுத்து எழுந்திருக்கப் போற வீட்டிலே நடுக்கூடத்திலே அது வேணாம். மூடு."

எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. அந்த வீட்டைப் பார்த்து நான் உருகியது, அதில் நான் உழைக்காததனால்தான் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. பழைய வீட்டில் எதை வைத்துக்கொள்வது, எதை நீக்குவது என்று முடிவு செய்ய வேண்டியவர், அந்த வீட்டுக்காக உடம்பு தேய்ந்தவர். அழகு பார்க்க வந்தவர் அல்ல.

குழியை மூடுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. இடிந்த செங்கல்லையும் குப்பையையும் போட்டு நிரப்பினால் கரையானுக்கு விருந்து வைத்தது போலாகும். தரையும் பின்னால் உள்வாங்கும். குழியைச் சுத்தமாக ஒழித்து, கரையான் மருந்து தெளித்து, மணலை அரையடி அரையடியாகப் போட்டுத் தண்ணீர் விட்டு இறுக்கி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இட்டு, கடைசியில் கூடத்துத் தரைக்கு ஏற்றபடி சிவப்புக் காவி போட்டார்கள்.

அத்தைக்கு வேண்டிய வீடு

மற்றக் காரியங்களில் அத்தை தயங்கவே இல்லை. சமையலறைச் சுவரைத் திறந்து முற்றத்துப் பக்கம் ஒரு பெரிய ஜன்னல் வைத்தார். நின்றுகொண்டே சமைக்கக் கடப்பைக்கல் மேடை. குளியலறையும் கழிப்பறையும் கொல்லையிலிருந்து படுக்கையறைக்குப் பக்கத்தில் வந்தன. வழுக்காத தரை, பிடித்துக்கொள்ளச் சுவரில் கம்பி. நடைக்கும் கூடத்துக்கும் இடையே காலை இடறிக்கொண்டிருந்த உயரமான படி சரிவாக மாறிற்று. மரப் பட்டிக்குள் ஓடிய பழைய மின்சாரக் கம்பிகளை ஒன்று விடாமல் பிடுங்கிவிட்டுப் புதிதாக இழுத்து, எர்த்தும், கசிவு ஏற்பட்டால் தானே நின்றுவிடும் விசையும் வைத்தார்கள். இதில் மட்டும் யாரும் பழமையைப் பாராட்டிச் சிக்கனம் பிடிக்கக் கூடாது.

கிணற்றையும் மூடவில்லை. பாலாறும் வேகவதியும் வறண்டு கிடக்கும் ஊரில் கிணற்றைத் தூர்ப்பது பாவம் என்றார் மேஸ்திரி. 2003-ல் தமிழ்நாட்டில் கட்டடங்களுக்கெல்லாம் மழைநீர் சேமிப்பு கட்டாயமானது நினைவிருக்கும். முற்றத்தில் விழும் மழை தெருச் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. அதை ஜல்லியும் மணலும் இட்ட ஒரு தொட்டி வழியாக வடிகட்டிக் கிணற்றுக்குத் திருப்பினார்கள். முற்றத்தின் மேலே கம்பி வலை போட்டதோடு சரி. கூரை போட்டு அடைக்கவில்லை. சூடான காற்று மேலேறிப் போவதற்கு அதுதான் வழி. அதை அடைத்துவிட்டு மின்விசிறியைக் குறை சொல்வதில் பயனில்லை.

2021 தை மாதம் அத்தை குடியேறினார். இரண்டு சித்தப்பாக்களும் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். பெரிய சித்தப்பா வெண்கலப் பானை ஒன்று கொண்டு வந்தார். "பொறந்த வீட்டுச் சீர் அக்கா" என்றார். அத்தைக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

சென்ற மாதம் மறுபடியும் போயிருந்தேன். அந்தத் தெருவில் தறிச் சத்தம் முன்போல் எல்லா வீட்டிலும் கேட்பதில்லை. காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்து 20 ஆண்டுகள் ஆகப்போகின்றனவோ ஆகிவிட்டனவோ, பெருமைக்குக் குறைவில்லை. ஆனால் 1998-லிருந்து ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் வரிசையாகக் கார்த் தொழிற்சாலைகள் வந்தபிறகு, மாதச் சம்பளத்தை நம்பிப் பஸ் ஏறுகிற பிள்ளைகள் ஏராளம். யாரைக் குறை சொல்வது? இருந்தாலும், காலையில் தெருவில் பாவு கட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் களைப்பாறவும் குச்சிகளைச் சாய்த்து வைக்கவும் அத்தையின் திண்ணை இருக்கிறது. அதற்குக் கம்பிக் கதவு போடும்படி எல்லோரும் சொன்னார்கள். அத்தை கேட்கவில்லை.

மாலையில் கூடத்தில் ஏழெட்டுக் குழந்தைகள் பாடம் படிக்க உட்கார்ந்திருந்தார்கள். தரையில் ஓரிடம் மட்டும் நீண்ட சதுரமாக, மற்ற இடத்தைவிடக் கொஞ்சம் அடர்ந்த சிவப்பாகத் தெரிந்தது. மேஸ்திரி எவ்வளவோ முயன்றும் பழைய காவியோடு புதுக் காவி நிறம் சேரவில்லையாம். குழந்தைகள் அதன்மேல்தான் பாயை விரித்திருந்தார்கள்.

சுவரில் அந்த ஓரடி இடத்துக்கு மட்டும் அத்தை காரை பூச விடவில்லை. ஒரு சிறுமி அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "டீச்சர், இதை யாரோ தப்பா எழுதியிருக்காங்க" என்றாள்.

"ஆமாம்" என்றார் அத்தை. "அவளுக்கு அப்போ நேரமில்லை. நீ சரியாச் சொல்லு, பார்க்கலாம்!"